செய்ம்முறையே தன்மையை ஆக்கும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கல்விச் சங்கம் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவெய்தியுள்ளன. தெருமுனையில் ஒரே ஒரு குண்டு விளக்கின் கீழ் ஒரு சில பிள்ளைகளை அமர்த்திப் பாடம் சொல்லத் தொடங்கிய முயற்சி, இன்று மலர் ஒன்று வெளியிடும் அளவிற்கு வளர்ந்துள்ளது. இத்தகைய விழாக்களில் கல்வியின் பெருமையைப் பொதுவாகப் பேசி அமர்தல் மரபு. செயலர் அவர்களோ நம்மிடம் வேறொன்று கேட்டார். “நம் பிள்ளைகள் அறிவியலைக் கண்டு அஞ்சுகின்றார்கள். அறிவியலில் ஏதேனும் ஒரு பொருளை எடுத்து, நம் வாழ்வோடு பொருத்திப் பேசுங்கள்” என்றார்.

நாம் வரலாற்றில் பி.ஏ. பட்டமும், பின்னர் பி.எட். பட்டமும் பெற்றோம். வேதியியல் நம் பாடம் அன்று. ஆயினும் நம் பள்ளியின் வேதியியல் ஆசிரியர் பல மாலைப் பொழுதுகள் உடனமர்ந்து விளக்கினார். அவர் கற்பித்ததையும், நாமே படித்தறிந்ததையும் ஈண்டு எடுத்துரைக்கின்றோம். பிழை இருப்பின் அது நம்முடையது.

பொருள் யாதெனில், நீரில் கரைந்து மின்னூட்டம் தாங்கும் நெடிய மூலக்கூறுகள். ஒரே மூலப்பொருளிலிருந்து வந்தாலும், எந்த முறையில் அவை ஆக்கப்பட்டன என்பதைப் பொறுத்து, கரைசலில் அவற்றின் நடத்தை வேறுபடுகின்றது. கேட்பதற்குத் தொலைவில் உள்ளதுபோல் தோன்றும் இப்பொருள், உண்மையில் நம் வீட்டுக் கொல்லையிலேயே கிடந்தது.

சுண்ணாம்புக் குழி

எம் தந்தையார் பண்ணையாளாக இருந்தவர். ஊரில் மாடு இறந்தால் அதனை அப்புறப்படுத்தும் கடமை எம் குடும்பத்தின் மீது சுமத்தப்பட்டிருந்தது. தோலை உரித்து, கழுவி, கொல்லைக் குழியில் கரைத்த சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பார். அன்றாடம் கோல் கொண்டு புரட்டுவார். கட்டைவிரலால் தோலை அழுத்தி மயிரைத் தள்ளிப் பார்ப்பார். “நாளு தப்புனா தோலு தப்பிப் போயிடும், தம்பி” என்பார். எத்தனை நாள் என்று கேட்டால் எண் சொல்லமாட்டார். மழைக்காலத்திற்கு ஒரு கணக்கு, கோடைக்கு ஒரு கணக்கு. கன்றுத் தோலுக்கு ஒன்று, கிழமாட்டுத் தோலுக்கு மற்றொன்று. அக்கணக்கு அவர் விரலில் இருந்தது. எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

அந்தக் குழியினின்று ஒரு நெடி எழும். அது மூக்கைத் துளைக்கும், கண்ணில் நீர் வரவழைக்கும். ஈரம்பட்ட யூரியா மூட்டையை அவிழ்த்தவர்கள் அந்த நெடியை அறிவார்கள். அது உடையிலும் ஏறும், தலைமயிரிலும் ஏறும். பள்ளியில் நம் அருகே அமர மறுத்த பிள்ளைகள் சொன்ன காரணமும் அந்த நெடியே.

1985ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பில் தேறி, மேல்நிலை முதலாண்டில் அறிவியல் தொகுதி கேட்டு ஒரு பள்ளிக்குச் சென்றோம். மதிப்பெண்ணில் குறை இல்லை. அங்கிருந்த ஆசிரியர் ஒருவர் நம்மை மேலும் கீழும் பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் கரைசலை அளந்தெடுக்கும் பிப்பெட் என்னும் கண்ணாடிக் குழாயை அந்நாளில் வாயில் வைத்தே உறிஞ்சுவர். அதனைச் சுட்டி, “அந்தக் குழாயை எல்லாப் பிள்ளைகளும் வாயில வைக்கணுமேப்பா. நீ கலைத் தொகுதி எடுத்துக்கோ, நல்லா வருவே” என்றார். கடுஞ்சொல் ஒன்றும் கூறவில்லை. அன்பாகவே கூறினார். நாம் கலைத் தொகுதியில் சேர்ந்தோம், வரலாறு படித்தோம். அதற்காக வருந்தவில்லை. ஆனால் அந்தக் குழாயை மறக்கவும் இல்லை.

எம் தந்தையாரின் குழியில் நிகழ்ந்ததும் வேதியியலே என்பதனை அறிய நமக்கு மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. அதனையே இன்று கூறுகின்றோம்.

நெடுஞ்சங்கிலியும் மின்னூட்டமும்

சர்க்கரை, உப்பு போன்றவற்றின் அணுக்கூட்டங்கள் சிறியவை. சில பொருள்களிலோ, சிறு அலகுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கைகோத்து நெடுஞ்சங்கிலியாக நிற்கின்றன. இவற்றைப் பலபடிகள் என்பர். இத்தகைய நெடுஞ்சங்கிலிகள் உண்டு என்று 1920ஆம் ஆண்டு செருமானிய அறிஞர் எர்மன் சுடாடிங்கர் எடுத்துரைத்தபோது, பலர் ஏற்கவில்லை. 1953இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நம் ஊரில் வழங்கும் மூன்று பசைகளை எண்ணிப் பாருங்கள். தப்பின் வளையத்தில் தோலை ஒட்ட நம் கலைஞர்கள் காய்ச்சும் புளியங்கொட்டைப் பசை ஒன்று. பிள்ளைகள் மரத்தினின்று பிய்த்து நீரில் ஊறவைத்துத் தாள் ஒட்டும் கருவேலம் பிசின் மற்றொன்று. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்து, தச்சர்கள் உருக்கிப் பயன்படுத்திய வச்சிரப் பசை மூன்றாவது. மூன்றும் நெடுஞ்சங்கிலிகளே. ஆயினும் அவற்றிடையே ஒரு வேறுபாடு உண்டு. புளியங்கொட்டைச் சங்கிலி மின்னூட்டம் அற்றது. கருவேலம் பிசினின் சங்கிலி நீரில் எதிர்மின்னூட்டம் தாங்குவது. தோல் பசையின் சங்கிலியிலோ நேர்மின் இடங்களும் உண்டு, எதிர்மின் இடங்களும் உண்டு. எது மிகுகின்றது என்பது நீரின் அமிலத்தன்மையைப் பொறுத்தது.

மின்னூட்டம் இருந்தால் என்ன நிகழும்? ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும். ஆதலின் சங்கிலி சுருண்டு கிடக்க இயலாமல் விரிந்து நீளும். விரிந்த சங்கிலிகள் நீரின் ஓட்டத்தைத் தடுப்பதால் கரைசல் கொழகொழப்பாகும். அதில் உப்பைச் சேர்த்தால், உப்பின் மின்துகள்கள் இடையே புகுந்து அத்தள்ளுதலை மறைத்துவிடும். சங்கிலி மீண்டும் சுருளும், கொழகொழப்பும் குறையும். மின்னூட்டமற்ற புளியங்கொட்டைப் பசையில் உப்பு இத்தகைய பெருமாற்றத்தைச் செய்வதில்லை. 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் ஃபூவாஸ் என்பார், மின்னூட்டச் சங்கிலிகளின் விந்தை ஒன்றை அளந்து காட்டினார். உப்பில்லாத கரைசலில் நீரை மேலும் மேலும் ஊற்றி நீர்க்கச் செய்யும்போது, ஒவ்வொரு சங்கிலியும் முன்னிலும் விரிந்து, தன் பங்கிற்கு நீரை மிகுதியாகத் தடித்திருக்கச் செய்கின்றது. சாதாரணச் சங்கிலிகள் இவ்வாறு நடப்பதில்லை.

சென்னையில் அவிழ்ந்த முடிச்சு

தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றின் உரத்திற்குக் காரணமான புரதம் கொல்லாஜன் எனப்படும். மாட்டின் உடலிலும் நம் உடலிலும் மிகுதியாக உள்ள புரதம் இதுவே. இதன் உள்ளமைப்பு எத்தகையது என்னும் வினா உலக அறிஞர்களை நெடுநாள் அலைக்கழித்தது. அதற்கு விடை கண்ட ஊர் நம் சென்னை.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் ஜி. என். இராமச்சந்திரன். அவரும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் கொல்லாஜன் இழைகளை எக்ஸ் கதிரின் முன் வைத்துப் படமெடுத்தனர். கங்காருவின் வால் தசைநாண் கூட அவர்களுக்கு ஆய்வுப்பொருளாயிற்று. சென்னை அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அதனைப் பெற உதவியது. 1954, 1955ஆம் ஆண்டுகளில் ‘நேச்சர்’ இதழில் அவர்கள் தம் முடிவை வெளியிட்டனர். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிய கயிறே கொல்லாஜன் என்பது அம்முடிவு. ஒவ்வொரு சங்கிலியிலும் ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள் உண்டு. மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் வந்து அமர்வதாலேயே மூன்றும் நெருங்கி முறுக்கேற முடிகின்றது. அத்தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கம் ஒன்று இன்றும் ‘மும்முறுக்கு’ எனப் பொருள்படும் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

தோல் என்றால் முகம் சுளிக்கும் நாட்டில், தோலின் இழையை ஆராய்ந்தே உலகப்புகழ் பெற்ற அறிவு பிறந்தது. அப்பேராசிரியர் கையில் தொட்ட பொருளும் எம் தந்தையார் கையில் தொட்ட பொருளும் ஒன்றே. முன்னவருக்குப் புகழ் கிடைத்தது. அது தகும். பின்னவருக்குக் கிடைத்தது தீட்டு என்னும் பெயர். அது தகாது.

இரண்டு வழிகள்

இனி உரையின் நடுப்பொருளுக்கு வருவோம். மும்முறுக்குக் கயிற்றின் முறுக்கை அவிழ்த்து, வெந்நீரில் கரையும் தனிச் சங்கிலிகளாக்கினால் கிடைப்பது ஜெலட்டின். மருந்துக் குளிகையின் உறை, பழைய புகைப்படச் சுருளின் பூச்சு, உணவில் சேரும் இனிப்புக் கூழ் ஆகிய அனைத்திற்கும் இது பயன்பட்டது. இதனைத் தயாரிக்கும் வழிகள் இரண்டு.

முதல் வழி அமில வழி. தோலை நீர்த்த அமிலத்தில் ஓரிரு நாள் ஊறவைத்து, கழுவி, வெந்நீரில் காய்ச்சி எடுப்பர். இதனை ‘ஏ’ வகை என்பர். பன்றித் தோலுக்குப் பெரும்பாலும் இவ்வழியே.

இரண்டாம் வழி கார வழி. தோலையோ, அமிலத்தால் சுண்ணச் சத்து நீக்கப்பட்ட எலும்பையோ சுண்ணாம்பு நீரில் பல வாரங்கள், சில வேளை மாதக்கணக்கில், ஊறவைத்துப் பிறகு காய்ச்சுவர். இதனை ‘பி’ வகை என்பர். எம் தந்தையாரின் குழியும் இவ்வழியைச் சார்ந்ததே.

இரண்டிலும் கிடைக்கும் தூள் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். இளமஞ்சள் நிறம், மணம் இல்லை. ஆனால் நீரில் கரைத்தவுடன் இரண்டும் இருவேறு பொருள்களாக நடக்கின்றன. காரணம் கேளுங்கள்.

கொல்லாஜன் சங்கிலியில் அமிலத்தன்மையுள்ள கிளைகள் உண்டு. அவை நீரில் எதிர்மின்னூட்டம் தாங்கும். ஆனால் அவற்றுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அமைடு என்னும் மூடியிட்டு அடைபட்டுக் கிடக்கும். அஸ்பராஜின், குளூட்டமின் என்பன அவற்றின் பெயர்கள். மூடி இருக்கும் வரை அவற்றுக்கு மின்னூட்டம் இல்லை. அமிலத்தில் ஓரிரு நாள் ஊறும்போது அம்மூடிகள் பெரும்பாலும் அப்படியே நிலைக்கின்றன. சுண்ணாம்பில் வாரக்கணக்கில் ஊறும்போதோ அவை ஒவ்வொன்றாகக் கழன்று போகின்றன. அஸ்பராஜின் அஸ்பார்ட்டிக் அமிலமாகவும், குளூட்டமின் குளூட்டாமிக் அமிலமாகவும் மாறுகின்றன. கழன்ற மூடி அம்மோனியாவாக வெளியேறுகின்றது.

இளைஞர்களே, எம் கொல்லையில் எழுந்த அந்த நெடியின் ஒரு பங்கு இந்த அம்மோனியாவே. நம்மைப் பள்ளியில் தனித்து அமரச் செய்த அந்த நெடி, ஒரு மூலக்கூறு தன் மின்னூட்டத்தை மாற்றிக்கொள்ளும்போது விடுத்த மூச்சு. அதனை அன்றே யாரேனும் சொல்லியிருந்தால் நாம் தலைநிமிர்ந்து அமர்ந்திருப்போம்.

விளைவை எண்ணால் காண்போம். நீரின் அமிலத்தன்மையைப் பி.எச். எண்ணால் குறிப்பர். 7 நடுநிலை. அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். புரதத்தின் நேர்மின்னும் எதிர்மின்னும் சரிசமமாகி நிற்கும் பி.எச். எண்ணைச் சமமின் நிலை என்பர். அமில வழியில் வந்த ஜெலட்டினுக்கு அது 7 முதல் 9 வரை. சுண்ணாம்பு வழியில் வந்ததற்கு ஏறத்தாழ 5. அதாவது, நடுநிலையை ஒட்டிய நீரில் முன்னது நேர்மின் மிகுந்தோ, சமநிலையை அடுத்தோ நிற்கும். பின்னது திட்டமாக எதிர்மின் மிகுந்து நிற்கும். ஒரே தோல், ஒரே சங்கிலி. ஆக்கிய முறை வேறு, ஆதலின் மின்குணமும் வேறு.

சமமின் நிலையில் மற்றொன்றும் நிகழும். தள்ளும் விசை குறைவதால் சங்கிலிகள் சுருங்குகின்றன. கரைசலின் கொழகொழப்பும், ஊறிய கூழின் உப்பலும் அந்நிலையில் மிகக் குறைந்து போகும். நியூயார்க்கில் ஆய்ந்த ஜாக் லோப் என்னும் அறிஞர் 1922இல் வெளியிட்ட நூலில் இதனை ஜெலட்டினைக் கொண்டே விரிவாக நிறுவினார். அவர் கையாண்ட ஜெலட்டினின் சமமின் நிலை 4.7. அமில வழி ஜெலட்டினைக் கையாண்டிருந்தால் வேறு எண்ணையே கண்டிருப்பார்.

இது ஏட்டுப் பேச்சன்று என்பதனைக் காண, நம் பள்ளியில் ஒரு சோதனை செய்தோம். ‘ஏ’ வகை, ‘பி’ வகைத் தூள்களைச் சென்னையிலிருந்து வரவழைத்து, வெதுவெதுப்பான நீரில் தனித்தனியே கரைத்தோம். ஒரு பங்கு தூளுக்கு நூறு பங்கு நீர். பிசினையும் அவ்வாறே கரைத்து வடிகட்டினோம். ஒவ்வொன்றின் பி.எச். எண்ணையும் ஏறத்தாழ 5.5 ஆகச் சரிசெய்து, இரு தம்ளர்களிலும் பிசின் நீரை ஊற்றினோம். ‘ஏ’ வகை இருந்த தம்ளர் பால்போல் கலங்கியது. ‘பி’ வகை இருந்தது தெளிவாகவே நின்றது. பிசின் எதிர்மின். நேர்மின் மிகுந்த ‘ஏ’ வகை அதனைத் தழுவித் திரண்டது. எதிர்மின் மிகுந்த ‘பி’ வகை விலகி நின்றது. பிறகு தெளிந்த தம்ளரில் சில சொட்டு வினிகர் விட்டோம். பி.எச். எண் 5க்குக் கீழிறங்கியதும் அதுவும் கலங்கியது. இறுதியில் ஒரு கரண்டி உப்பிட்டோம். கலக்கம் தெளிந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அவர்கள் கண்ட கலக்கத்திற்குப் பெரும்பயன் உண்டு. எண்ணெய்த் துளியைச் சுற்றி இக்கலவையைப் படியவைத்து நுண்குமிழ்களாக்கும் முறையைக் கொண்டே, கார்பன் தாள் இன்றிப் படியெடுக்கும் தாள் 1950களில் அமெரிக்காவில் உருவாயிற்று. மருத்துவத்திலும் இந்த வேறுபாடு உயிர்நாடியானது. காயத்தை ஆற்றும் வளர்ச்சிப் புரதங்கள் சில நேர்மின்னூட்டம் உடையவை. அவற்றைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுவிக்க எதிர்மின் மிகுந்த ‘பி’ வகை ஜெலட்டின் ஏற்றது என்று ஜப்பானின் கியோத்தோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். வகை தவறினால் மருந்து தங்காது.

இறால் ஓடும் கரும்புச் சாறும்

இவ்வுண்மை தோலோடு நின்றுவிடுவதன்று. நம் பழைய தஞ்சை மாவட்டத்தின் கடற்கரையாகிய நாகப்பட்டினம் பக்கம் இறால் ஓடுகள் குவியும். அவ்வோட்டில் கைட்டின் என்னும் சங்கிலி உண்டு. அது நீரில் கரையாது. காரத்தில் காய்ச்சி அதன் மூடிகளைக் கழற்றினால் கைட்டோசான் கிடைக்கும். அஃது அமில நீரில் கரைந்து நேர்மின்னூட்டம் தாங்கும். இதிலும் வழி இரண்டு. ஓட்டுத் துண்டுகளைக் கட்டியாகவே காரத்தில் வேகவைத்தால், மேற்புறத்தில் காரம் எட்டிய இடங்களில் மூடிகள் கொத்துக் கொத்தாகக் கழலும். கைட்டினைக் குளிர்ந்த காரநீரில் முதலில் கரைத்துவிட்டு வினைபுரியச் செய்தால், சங்கிலி முழுதும் ஆங்காங்கே பரவலாகக் கழலும். பின்னர்ச் சொன்ன வழியில் பாதியளவு மூடி கழன்ற பொருள், அமிலம் இல்லாத வெறும் நீரிலேயே கரைந்ததை 1970களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். கழன்ற மூடிகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. அவை எங்கெங்கே அமைந்துள்ளன என்பதும் கரைதலை முடிவு செய்கின்றது.

கரும்பாலைகளில் சாற்றைத் தெளிவிக்கப் பயன்படும் பாலி அக்ரிலமைடு முற்றிலும் செயற்கைச் சங்கிலி. முதலில் மின்னூட்டமற்ற சங்கிலியைக் கட்டிவிட்டுப் பின்னர்க் காரத்தால் சில அலகுகளை எதிர்மின்னாக மாற்றுவது ஒரு வழி. மின்னூட்டமுள்ள அலகையும் இல்லாத அலகையும் தொடக்கத்திலேயே கலந்து கோப்பது மற்றொரு வழி. முதல் வழியில், முன்னரே எதிர்மின்னான அலகு, எதிர்மின் தாங்கிய காரத்தைத் தன் அண்டையில் நெருங்கவிடாது தள்ளும். ஆதலின் மின்னூட்டங்கள் இடைவெளி விட்டு ஒழுங்காக அமையும். இரண்டாம் வழியில் அவை நேர்ந்தபடி அமையும். இரண்டிலும் மின்னூட்டத்தின் மொத்த அளவு ஒன்றாகவே இருக்கலாம். அமைப்பு ஒன்றன்று.

முன்னர்ச் சொன்ன புளியங்கொட்டையும் இதற்கு விலக்கன்று. காய்ச்சினாலன்றிக் கரையாத அதன் மாவை, வேதிமுறையில் கார்பாக்சிமெத்தில் தொகுதி சேர்த்து எதிர்மின் ஆக்கினால், குளிர்ந்த நீரிலேயே கரைகின்றது. துணி அச்சிடும் தொழிலில் அது பயன்படுகின்றது.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

இதுகாறும் கேட்டவர்கள், “பிறப்பால் ஒன்றுமில்லை, வளர்க்கும் முறையிலேயே எல்லாம் உள்ளது என்பதைத்தான் தலைமையாசிரியர் சுற்றிவளைத்துச் சொல்கின்றார்” என்று எண்ணக்கூடும். ஓரளவு உண்மையே. ஆயினும் ஒப்புமையை அளவிற்கு மேல் இழுத்தல் ஆகாது. தோலுக்கு விருப்பம் இல்லை. யார் எந்தக் குழியில் போட்டாலும் அது கிடக்கும். மனிதன் அவ்வாறு கிடக்கக் கடமைப்பட்டவன் அல்லன். எந்தக் குழி என்று கேட்கவும், வெளியேறவும் அவனுக்கு உரிமை உண்டு. நம் மக்களை ஒரே தொழிலில் தலைமுறை தலைமுறையாக ஊறவைத்துவிட்டு, “இதுவே இவர்கள் இயல்பு” என்று கூறினார்கள். அது செய்ம்முறையின் விளைவு. இயல்பு என்பது பொய்.

இரண்டு தவறுகளை நாம் தவிர்க்கவேண்டும். ஒன்று, பழைய தொழிலை எண்ணி வெட்கி, பெற்றோரின் கையை மறைத்தல். மற்றொன்று, அத்தொழிலுக்குப் பொன்முலாம் பூசி, அதிலேயே கிடவுங்கள் என்போரின் பேச்சிற்கு மயங்குதல். 1927ஆம் ஆண்டு மகாட் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள், செத்த மாட்டின் இறைச்சியை விட்டொழியுங்கள் என்று நம் மக்களை வேண்டினார். கட்டாயமாகச் சுமத்தப்பட்ட பணியில் மானம் இல்லை என்பதே அவர் கருத்து. 2016ஆம் ஆண்டு ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், இறந்த பசுவின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டார்கள். அப்பணியைச் செய் என்று ஏவியதும் இச்சமூகமே, செய்ததற்காக அடித்ததும் இச்சமூகமே. எம் தந்தையார் 1980களின் இறுதியில் அக்குழியை மண்ணிட்டு மூடினார். நாமும் உடன் நின்று மண் தள்ளினோம். அதனைத் திறக்கவேண்டும் என்று இன்றும் கூறமாட்டோம்.

குழியை மூடலாம், அதனுள் இருந்த அறிவை மூடலாகாது. அந்த அறிவு இன்று ஆய்வுக்கூடங்களில் வேறு பெயருடன் வாழ்கின்றது. மருந்தாக, தாளாக, காயத்தின் மேலிடும் மெல்லிய படலமாக வருகின்றது. அதனைக் கற்கவேண்டியவர்களுள் முதல்வர்கள் யார்? நெடியை மட்டும் நமக்கு ஒதுக்கிவிட்டு, அதன் பொருளைப் பிறர் எடுத்துக்கொள்ள விடலாமா?

ஆகவே இவ்வெள்ளி விழாவில் சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, மாலைநேர வகுப்பில் கிழமைக்கு ஒரு நாளேனும் கையால் செய்து காணும் அறிவியல் சோதனை நடத்தல்வேண்டும். மேலே கூறிய பிசின் சோதனைக்குப் பெருஞ்செலவு இல்லை. இரண்டாவது, பத்தாம் வகுப்பில் தேறி அறிவியல் தொகுதி விரும்பும் பிள்ளையுடன், குறிப்பாகப் பெண் பிள்ளையுடன், சங்கத்தின் சார்பில் ஒருவர் பள்ளிக்கு உடன் செல்லவேண்டும். தனியே நிற்கும் பிள்ளையிடம் அன்பாகப் பேசித் திருப்பி அனுப்புதல் எளிது. மூன்றாவது, நம் முதியோர் அறிந்த தொழில் நுட்பங்களை, அவர்கள் வழங்கும் சொற்களோடு, அவர்கள் பெயரிட்டு ஏட்டில் எழுதி வைக்கவேண்டும். எம் தந்தையார் நாள் கணக்கை விரலிலேயே வைத்துக்கொண்டு மறைந்தார். அதனை எழுதாமல் விட்டது, பி.ஏ. படித்த நம் குற்றம்.

நாம் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், ஆய்வுக்கூடத்துப் பிப்பெட்டுகள் அனைத்திற்கும் ரப்பர்க் குமிழ் வாங்கிப் பொருத்தினோம். வாயால் உறிஞ்சுதல் கூடாது என்பது இந்நாளைய பாதுகாப்பு விதி. விதிக்காகவே வாங்கினோம் என்று பதிவேட்டில் எழுதினோம். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லலாம். முதற்குமிழைப் பொருத்திக் கரைசலை மேலேற்றியபோது, அருகில் நின்ற மாணவி, “சார், இதை நான் பிடிக்கலாமா?” என்று கேட்டாள். அவள் நம் தெருப் பிள்ளை. “பிடிம்மா, உன்னோடதுதான்” என்றோம்.